திருச்சுழி மாவு மில்லில் நான் கொண்டுவந்த டோக்கன்

பொதுமக்கள் கவனத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. பாளையம்பட்டியில் வசிக்கும் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, யாரும் முகத்தில் தண்ணீர் தெளிக்காமலேயே எழுந்தார். தற்போது நலமாக இருக்கிறார். அது நான்தான்.

எழுந்ததற்குக் காரணம் உண்டு. பிபிஏ முதலாம் ஆண்டு படிக்கிறேன். அதில் செயல்முறை மேம்பாடு என்று ஒரு துறை இருக்கிறது. ஒரு வேலை நடக்கும் விதத்தை உற்றுப் பார்த்து, எங்கே நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்து வெட்டுவார்கள். நேரத்தை வீணாக்குவதில் எனக்கு நல்ல முன்அனுபவம் இருப்பதால் ஆன்லைனில் ஆறு வாரம் இலவசமாகப் படித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். மதுரையில் ஒரு நிறுவனம் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுத்தது. ஏதாவது ஓரிடத்தில் நிஜமாகவே ஒரு வேலையைச் சீர்செய்து, முன்பு எப்படி, பின்பு எப்படி என்று அறிக்கை தர வேண்டும். என் மாமா திருச்சுழியில் மாவு மில் வைத்திருக்கிறார். அங்கே மக்கள் காத்திருக்கும் நேரத்தை ஒரே நாளில் சராசரி முப்பத்து நான்கு நிமிடத்திலிருந்து இருபத்திரண்டுக்குக் கொண்டுவந்தேன். இடமும் கிடைத்துவிட்டது. கை தட்டுகிறவர்கள் கட்டுரை முடியும்வரை பொறுக்கவும்.

பாளையம்பட்டியில் 6.50க்கு டவுன் பஸ், ஐந்து ரூபாய். அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் டீயும் இரண்டு வடையும் முப்பது ரூபாய். வடையில் ஓட்டை பெரிது. 7.30க்குத் திருச்சுழி பஸ். ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், பதினாறு ரூபாய். காலையில் போகிறவர்கள் இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள், வெயில் வலதுபக்கம் அடிக்கும். வழியெல்லாம் கரிசலும் சீமைக்கருவேலமும்தான். நான் பார்த்த கண்மாயில் தண்ணீர் இல்லை, இரண்டு கிரிக்கெட் மேட்ச் நடந்துகொண்டிருந்தது. நூற்பாலை வேன்கள் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு எதிரே வரும். நம் டிரைவர் அவற்றுக்கு வழிவிட மனம் வராமல் வழிவிடுவார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து மில்லுக்கு ஐந்து நிமிட நடை. மாமா பைக்கை எடுத்துக்கொண்டு மதுரைக்கு ஏதோ பாகம் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். மில்லில் பத்து வருடமாக அரைப்பவர் பாண்டியம்மா அக்கா. மாமா அவரிடம், "இவென் ஏதோ பரீட்சைக்கு எழுதணுமாம். சொல்றதக் கேட்டுக்க பாண்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வரியால் நான் மேனேஜர் ஆகிவிட்டேன்.

பத்தரை மணிவரை போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, வீடியோவும் எடுத்தேன். ஒரே குழப்பமாகத் தெரிந்தது. யார் உள்ளே வந்தாலும் பாண்டியம்மா அக்கா முதலில், "எந்தப் பஸ்ஸு?" என்று கேட்பார். வந்தவர் பதில் சொன்னதும் அவருடைய டின்னை வாங்கிச் சுவரோரம் எங்கேயோ செருகுவார். கடைசியாக வந்தவர் முதலில் போனார், முதலில் வந்தவர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் நோட்டில், "தேவையற்ற பேச்சு, ஆளுக்குப் பதினொரு நொடி" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

பிறகு காலண்டர் அட்டையைக் கிழித்து, ஒன்று முதல் இருபதுவரை எண் எழுதி டோக்கன் கொடுத்தேன். வந்த வரிசைப்படிதான் அரவை. பஸ்ஸைப் பற்றிப் பேசக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். பாண்டியம்மா அக்கா, "அப்பச் சரி தம்பி" என்றார். சரி என்று அவர் முகம் சொல்லவில்லை.

பதினொன்று பத்துக்கு முத்துமாரி அக்கா கம்பு டின்னோடு வந்தார். வீரசோழனுக்குப் பஸ் போகிற வழியில் ஒரு ஊர்க்காரர். டோக்கன் ஒன்பது.

"தம்பி, எனக்குப் பதினொன்னு அம்பதுக்குப் பஸ்ஸு."

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கும், மில்லுக்கு வரிசை இருக்குக்கா. முன்னாடி நிக்கிறவுகளக் கொஞ்சம் மதிப்போம்."

முன்னாடி நின்றவர்களில் ஐந்து பேர் பஸ் ஏற வேண்டாத பக்கத்துத் தெருக்காரர்கள், எனக்கு அது தெரியாது. பாண்டியம்மா அக்கா சத்தமில்லாமல் முத்துமாரி அக்காவின் டின்னை முன்னால் நகர்த்தினார். "அக்கா, அது ஒம்போது" என்று நானே அதைப் பழைய இடத்தில் வைத்தேன்.

கம்பு இயந்திரத்தில் விழுந்தபோது மணி 11.47. 11.53க்குச் சூடான மாவோடு அவர் ஓடினார். பத்து நிமிடத்தில் அதே டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். முகூர்த்த நாள், ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வண்டியும் இல்லை. அடுத்த பஸ் 2.15க்கு. அவருக்கு நூற்பாலையில் மதிய ஷிப்ட், வேன் அவர் ஊருக்கு ஒரு மணிக்கே வந்துவிடும். வேன் டிரைவருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, ஒரு பத்து நிமிசம் நிப்பாட்ட முடியுமா?"

"பத்துல நீ வந்துருவியா?"

போனை வைத்துவிட்டார். யூனிபாரமும் கார்டும் வீட்டில் இருந்தன, அவையில்லாமல் கேட்டில் விடமாட்டார்களாம்.

"ஒரு மாசம் ஒரு நா லீவு போடாம வந்தா சூப்பர்வைசர் ட்ரெய்னிங்குக்குப் பேரு குடுப்போம்னாக. பன்னெண்டு வருசமா அறுந்த நூல முடிஞ்சிருக்கேன். இன்னம் ரெண்டே நாளு பாக்கி." அதுவரை பொதுவாகப் பேசியவர் பாண்டியம்மா அக்கா பக்கம் திரும்பினார். "எம் பஸ்ஸு ஒனக்குத் தெரியாதாக்கா? யாரு சொல்லி இந்தச் சீட்டக் கொண்டாந்தீக?"

பாண்டியம்மா அக்கா என்னைப் பார்த்தார். நான் தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே, "எந் தப்புதான் ஆத்தா. கோவிச்சுக்கிறாத" என்றார். "கோவிச்சு என்னக்கா ஆகப்போகுது" என்று முத்துமாரி அக்கா டின்னை இறக்கி வைத்தார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஊரில் யாரைக் கண்டாலும் வாயடிக்கிறவன் நான்.

அடுத்த வாரம் மாமா வீட்டில் விசாரித்தேன். ட்ரெய்னிங் பட்டியலில் முத்துமாரி அக்கா பெயர் வரவில்லை. வேறொரு பெண் போயிருக்கிறார். பாண்டியம்மா அக்கா மறுநாளே டோக்கன்களை அடுப்பில் போட்டுவிட்டு, பழையபடி பஸ்ஸைக் கேட்டு டின்னைச் செருகுகிறாராம்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: காலையிலேயே வாருங்கள், தண்ணீர் பாட்டில் இரண்டு வேண்டும், குண்டாற்றை நம்ப வேண்டாம். திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் துறைக்கு வர நினைப்பவர்களுக்கு: உங்களுக்குப் புரியாத கேள்வி எதையாவது ஒருவர் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தால், அதை வெட்டும் முன், ஏன் கேட்கிறீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். பதினொரு நொடிதான் ஆகும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அன்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த போனில் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து வீடியோ எடுத்ததில் பத்தே முக்காலுக்கே சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. டோக்கன் வந்த பிறகு நான் எதையும் அளக்கவில்லை. இருபத்திரண்டு என்பது திரும்பும் பஸ்ஸில் யோசித்து எழுதியது. இருபது என்றால் நம்பமாட்டார்கள் என்று இரண்டைச் சேர்த்தேன். மில் சுவர்க் கடிகாரத்தில் நான் பார்த்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். முத்துமாரி அக்கா காத்திருந்தது நாற்பத்து மூன்று நிமிடம். அது அறிக்கையில் இல்லை.