புளி போட்டுத் துலக்கிய தியோடலைட்

என் ஓரகத்தி வீட்டில் இருந்த பித்தளை மைக்ராஸ்கோப் எனக்கு வந்திருக்க வேண்டியது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

பழைய கருவிகள் சேர்ப்பதை எங்கள் குடும்பத்தில் ஆரம்பித்தவள் நான். என் வீட்டுக்காரர் நிலம் அளக்கும் இடத்தில் சங்கிலி பிடிக்கிற வேலை பார்த்தார். கழித்துக் கட்டிய சாமான்களை ஒருமுறை ஏலம் விட்டபோது, உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைத் திசைகாட்டி ஒன்றை எடுத்து வந்தார். அதன் சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்தால், தூரத்துப் பனைமரமும் அது நிற்கிற பாகையின் எண்ணும் ஒன்றாகத் தெரியும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எண் தடையில்லாமல் வரும். எங்கள் பருத்திக் காட்டு ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு பனைக்கும் ஒரு எண் உண்டென்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவர் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. பஞ்சு வியாபாரிகள் இழை பார்க்கும் மடக்குக் கண்ணாடி, மரச்சட்டத்தில் பதித்த ரசமட்டம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தியோடலைட். நிலத்தின் கோணம் அளக்கிற கருவி அது. நடுவில் தூரப்பார்வைக் குழாய், பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் வட்டம், வட்டத்தின் விளிம்பில் வெள்ளித் தகடு, தகட்டில் தலைமுடியை விட மெல்லிய பாகைக் கோடுகள். அந்தக் கோடுகளைப் பார்க்கவே தனியாக ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள்.

கோவில்பட்டிப் பழைய சாமான் கடைக்காரர் பித்தளைக் கருவி எது வந்தாலும் எனக்குத்தான் முதலில் போன் போடுவார். ஒருமுறை நான் வளைகாப்புக்குக் குளத்தூர் போயிருந்தேன். போனை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டேன். கோழிக்குத் தீனி போட வந்த ஓரகத்தி எடுத்துப் பேசியிருக்கிறாள். என் கொழுந்தன் பெண்டாட்டி, அடுத்த வீடுதான். மறு பஸ்ஸில் ஏறிப் போய், மரப்பெட்டியோடு மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நீங்க ஊர்ல இல்லையேக்கா. விட்டா வேற ஆளு தூக்கிட்டுப் போயிருவாம்லா."

"வாங்கி எனக்குத் தந்திருக்கலாமே?"

"தரலாந்தான். கண்ணை வச்சுப் பாத்தேன். தர மனசு வரல."

இந்தப் பதிலில் குற்றம் சொல்ல முடியவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் எரிச்சல் கூடியதே தவிர குறையவில்லை.

அவள் பத்தாவது வரை படித்தவள். யார் வந்தாலும் குழாயில் வெட்டியிருக்கும் இங்கிலீஷ் எழுத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். செய்தவன் பேர், அவன் ஊர். என் தியோடலைட்டிலும் எழுத்து இருந்தது. அதைப் படிக்கவும் அவளைத்தான் கூப்பிட வேண்டும், நான் கூப்பிடவில்லை.

குளத்தூர் உப்பளத்திலிருந்து நான் கொண்டுவந்த உப்பில் இரண்டு கல்லைத் தூளாக்கி மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, "வாங்கக்கா, உங்க உப்பைப் பாருங்க" என்றாள். கண்ணை வைத்தேன். ஒவ்வொரு துகளும் மூலை மடிந்த கண்ணாடிப் பெட்டியாக அடுக்கிக் கிடந்தது. வெகுநேரம் பார்த்தேன்.

"உப்புத்தானே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் குழம்புக்கு உப்புப் போடும்போதெல்லாம் அந்தப் பெட்டிகள் கண்ணில் நின்றன.

போன வருஷம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர் எங்களைத் தேடி விசாரித்தார். கல்லூரி வாசலில் பழைய கருவிகளைக் கண்ணாடி அலமாரியில் வைக்கப்போகிறார்களாம். எங்கள் ஊரிலிருந்து ஒன்றுதான் எடுப்பார்களாம். சனிக்கிழமை என்னுடையதைப் பார்ப்பதாகவும், ஓரகத்தி மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் அவளுடையதை அடுத்த சனிக்கிழமை பார்ப்பதாகவும் பேச்சு.

குத்துவிளக்கு துலக்குவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் புளியை ஊறவைத்தேன். செங்கல்லை இடித்துச் சலித்தேன். கருவியைத் துணியால் மட்டும்தான் தொட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. மைக்ராஸ்கோப்பும் ஞாபகம் வந்தது. குழாய், கால், திருகு, வட்டம் என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தேன். வெயிலில் வைத்தபோது கண் கூசியது.

வந்தவர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆச்சி, இதை என்ன போட்டுத் தேச்சீங்க?"

"புளியும் செங்கல் பொடியும்."

"செஞ்சவன் மேல பூசின மெருகு மொத்தமும் போயிருச்சு. அதுகூடப் பரவால்ல. வட்டத்துல கோடே இல்லையே. கோடு இல்லாம இது எதை அளக்கும்?"

கண்ணாடியை வைத்து நானும் பார்த்தேன். வெள்ளித் தகடு வெறும் வெள்ளையாக இருந்தது. அவருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஓரகத்தி ஊர் திரும்பினாள். நேராக என் கருவிகள் இருந்த மேசைக்குத்தான் வந்தாள்.

"யக்கா, இது என்ன தங்கமாட்டம் மின்னுது. வந்தவிய அசந்துருப்பாவளே."

"ஆமா, பேச்சே வரல அவருக்கு."

"நானும் புளி ஊறப் போடுதேன்."

போய்விட்டாள். நான் உளுந்தைச் சுளகில் போட்டுப் புடைக்க உட்கார்ந்தேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தாலே போதும். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். பாதி உளுந்து புடைத்தேன். அந்த உப்புப் பெட்டிகள் மறுபடியும் கண்ணில் வந்து நின்றன. சுளகைக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.

அவள் முற்றத்தில் கையில் புளியோடு இருந்தாள்.

"ஏட்டி, அதைத் தேய்க்காத. கெட்டுப்போகும்."

சிரித்தாள். "உங்கது மின்னணும், எங்கது களிம்பேறிக் கிடக்கணுமோ? நல்ல நியாயங்க்கா."

"வந்தவரு என்னுதை வேண்டாம்னுட்டாரு."

"பொறாமையில எதையாவது சொல்லாதீய."

பொறாமை என்று அவள் என் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை. நான் மறுக்கவில்லை. திரும்பி வந்து, தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். பஞ்சு பார்க்கிற மடக்குக் கண்ணாடியையும் கொடுத்தேன்.

"நீ படிச்சவதானே. இந்த வட்டத்துல எத்தனை பாகைன்னு படி பாப்போம்."

ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். இன்னொரு சுற்றும் பார்த்தாள். கையிலிருந்த புளியைக் கிண்ணத்திலேயே போட்டாள்.

"காப்பி போடட்டுமாக்கா?"

"வேண்டாம்."

"சீனி கம்மியாத்தான் போடுதேன்."

குடித்தேன். 

மைக்ராஸ்கோப் கல்லூரிக்குப் போனது. அலமாரியைத் திறந்த அன்று இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அதன் அடியில் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். அவள் படிக்க வாயெடுத்தாள். நானே படிக்கிறேன் என்று சொல்லி, எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் போனேன். அவள் பேர் மட்டும் இருந்தது.

"உங்க பேரையும் போடச் சொன்னேங்க்கா. ஒரு ஆளு பேருதான் போடுவாவளாம்."

"போடட்டும்" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய் பழுப்பாக, ஓரங்களில் பச்சைக் களிம்போடு நின்றது. போகிற வருகிற பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் நின்று பார்த்தார்கள். அதைத் துலக்க எனக்குக் கை அரித்தது.