வெள்ளிக்கிழமை பிடித்த மீன்

எழுபதுகளின் நடுவில், சிட்னியில் எங்கள் வீட்டில் வேதவாக்கு என்று ஒன்று இருந்தது என்றால் அது வியாழக்கிழமை மாலை வானொலியில் வந்த மீன்பிடி நிலவரம்தான். எந்த ஆற்றில் எந்த மீன் கடிக்கிறது, எந்தக் கரையில் அலை எப்படி, தூண்டிலில் எதைக் கோர்க்க வேண்டும் என்றெல்லாம் ஒரு மனிதர் மூக்கால் பேசிக்கொண்டே போவார். என் கணவர் கதிரையை வானொலிப் பக்கம் இழுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தேவாரம் கேட்பவரைப் போலக் கேட்பார். அதற்கு முன் தன் வாழ்நாளில் அவர் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை.

எல்லாம் என் வயிற்றால் வந்த வினை. மூத்த பிள்ளை வயிற்றில் இருந்த நேரம் அது. பச்சைத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. அடுத்த முறை வரும்போதும் எடை கூடவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து சேலைன் ஏற்ற வேண்டியதுதான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். எனக்கு உள்ளூரப் பயம். மனம் கேட்ட ஒரே சாப்பாடு மீன். ஆனால் கடை மீனுக்குத் தலையும் இல்லை, தோலும் இல்லை. அந்த ஐஸ் வாடைக்கே குடலைப் புரட்டியது. தண்ணீரிலிருந்து அப்போதுதான் எடுத்த மீன் வேண்டும் என்று சின்னப் பிள்ளைபோல அழுதேன். மறுநாளே மனிதர் தூண்டில் வாங்கி வந்துவிட்டார்.

முதலில் அவர் ஆற்றுக்குத்தான் போனார். எங்கள் ஊரான யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது. பாடப் புத்தகத்துப் படத்தில் ஆற்றைப் பார்த்து வளர்ந்த ஆள் அவர். நெப்பியன் ஆற்றில் பாஸ் மீன் நன்றாகக் கடிக்கிறதென்று வானொலி சொல்லிவிட்டதாம். ஒரு சனிக்கிழமை முழுக்கக் கால்கடுக்க நின்று, ஒரு விலாங்கை வாளியில் உயிரோடு கொண்டுவந்தார். அது துள்ளி விழுந்து குசினித் தரையில் நெளிய, நான் கதிரையில் ஏறி நின்று கத்த, அவர் தும்புத்தடியால் அதை வாளிக்குள் கூட்டப் பார்க்க, ஒரே அமளி. சிரித்த சிரிப்பில் எனக்குத் திரும்பவும் வாந்தி. கடைசியில் அவரே அதைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டு வந்தார்.

பிறகு ஒரு வாரம் விடாத மழை. அந்த வியாழன் வானொலிக்காரர் புதுக் கதை சொன்னார். மேலே ஆறுகளெல்லாம் கலங்கி ஓடுகின்றன, நன்னீரில் தூண்டில் போடுவது வீண்வேலை. ஆனால் வெள்ளம் இறாலையெல்லாம் கீழே தள்ளிவிட்டது. ஹாக்ஸ்பரி ஆறு கடலோடு சேரும் இடத்தில், கலங்கல் நீரும் பச்சை நீரும் தொட்டுக்கொள்ளும் கோட்டில், ஃபிளாட்ஹெட் மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது! மறுநாள் கிறிஸ்தவர்களின் பெரிய வெள்ளி, நாடு முழுக்க விடுமுறை.

ஆனால் வெள்ளிக்கிழமை. எங்கள் இருவர் வீட்டிலும் வெள்ளிக்கிழமைகளில் மச்சச் சட்டி அடுப்பேறியதில்லை. பிறந்ததிலிருந்து நான் அன்றைக்கு மீன் தொட்டதில்லை. கணவர் சற்று யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"சாப்பிடத்தானே கூடாது? பிடிக்கலாம். வெள்ளியிலை பிடிப்பம், சனியிலை சமைப்பம்."

பென்டில் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஹாக்ஸ்பரி போய்ச் சேர்வதற்குள் நான் வாந்தி எடுக்காத புதர் இல்லை. ஆனால் கரையில் இறங்கியதும் பார்த்தால், வானொலிக்காரர் சொன்ன அந்தக் கோடு கண்ணுக்கு முன்னால் கிடந்தது. இந்தப் பக்கம் பால்தேநீர் நிறம், அந்தப் பக்கம் பச்சை. பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றுவதற்காகக் கணவர் தூண்டிலை என் கையில் தந்தார். அவர் மூடியைத் திருகி முடிக்கவில்லை, தூண்டில் வளைந்தது.

"ஐயோ, இஞ்சாருங்கோ, இழுக்குது!"

"விடாதையும்! விடாதையும்!"

தேநீர் அவர் கால்சட்டையில். நானோ சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் பின்னால் போகிறேன். கரையேறியது தலை சப்பையான, முழங்கை நீள ஃபிளாட்ஹெட். நான் பிடித்த மீன்! தலை கால் புரியவில்லை எனக்கு. அதைச் சுற்றி இருவரும் குதித்ததைப் பார்த்து, பக்கத்தில் விறகடுப்பின் இரும்புத் தட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் கைதட்டினார்.

அந்தப் பொரியல் வாசம் அப்போதுதான் மூக்கில் ஏறியது. குடல் புரளவில்லை. பசித்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, சுள்ளென்று பசித்தது.

"தட்டு சூடாக இருக்கிறது, கொண்டு வாருங்கள்," என்றார் கிழவர்.

கணவரின் முகம் வெளிறியது. "இண்டைக்கு வெள்ளியெல்லோ! நாளைக்குச் சமைப்பமப்பா."

"நாளைக்குப் பசி வருமோ ஆருக்குத் தெரியும்? இப்ப வந்திருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். பிறகு பேனாக்கத்தியை எடுத்துச் செதில் சுரண்டத் தொடங்கினார். என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் இருக்கும். அதையும் உப்பையும் பூசித் தட்டில் போட்டோம். கிழவர் இருமிக்கொண்டே எட்டப் போய் நின்றார். நான் தலையிலிருந்து வால்வரை, முள்ளை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டேன். கணவர் ஒரு துண்டும் தொடாமல், எப்போது வாந்தி எடுப்பேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கவில்லை. வீடுவரை எந்தப் புதரிலும் காரை நிறுத்தவில்லை.

சனியும் ஞாயிறும் சோறு இறங்கியது. அடுத்த வாரம் கிளினிக்கில் தராசில் ஏறினேன். நர்ஸ் முள்ளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"கூடியிருக்கிறதே! இனி ஆஸ்பத்திரி வேண்டாம். அப்படி என்ன சாப்பிட்டீர்கள்?"

"மீன்," என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமையில்."

அவர் கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை ஆடியது. என் கன்னத்தைத் தட்டினார். "பெரிய வெள்ளியில் மீனா? நல்ல பெண். எங்கள் வீட்டிலும் அன்றைக்கு இறைச்சி தொடமாட்டோம், மீன்தான்."

காரில் ஏறியதும் இதைக் கணவரிடம் சொன்னேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எனக்கு அதில் பாதி அழுகை.

"உம்மடை பாவத்தை அந்த மனுசி புண்ணியமாக்கிப் போட்டுது," என்றார்.

"அப்ப வாற வெள்ளியும் போவமே?"

அவர் காரை எடுத்தார். "வியாழன் வரட்டும். நிலவரம் கேட்டிட்டுச் சொல்லுறன்."