முன்வரிசையில் அழுகிறவள்

கல்லூரியில் அவளுக்குத் ‘தியரி’ என்றுதான் பெயர். ஊடகவியல் கடைசி வருடம். மற்ற பிள்ளைகள் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றிய நேரத்தில் இவள் தொடர்பியல் கோட்பாடுகளைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஊடகம் சொல்வதெல்லாம் ஊசி மருந்து மாதிரி மக்களுக்குள் அப்படியே இறங்கிவிடுகிறதா, இன்றைக்கு ஊர் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று முடிவு செய்வது யார், கூட்டம் தன் பக்கம் இல்லை என்று தெரிந்ததும் மனிதன் ஏன் வாயை மூடிக்கொள்கிறான் என்று எதைக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். கடைசியாகச் சொன்னதற்கு ‘மௌனச் சுழல்’ என்று பெயர். அதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை மேடம் வகுப்பில் வாசித்துக் காட்டினார். அன்றைக்கு அவள் கால் தரையில் படவில்லை.

அவளுடைய அம்மாவுக்கும் டிவியில்தான் வேலை. அதாவது, வகுப்பில் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். முதல் நாள் அறிமுகத்தில் ஒருத்தியின் அப்பா செய்தி ஆசிரியர் என்றார்கள், இன்னொருத்தனின் மாமா விளம்பரக் கம்பெனி வைத்திருக்கிறார் என்றார்கள். இவள் முறை வந்தது. அப்பா லாரி ஓட்டுகிறார் என்பதைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அம்மா டிவில இருக்காங்க. ப்ரோக்ராம் சைடு,” என்று வாய் தானாக நீட்டிவிட்டது. முழுப் பொய் என்று யாரும் அவளைப் பிடிக்க முடியாது. அந்தச் சாமர்த்தியம்தான் பின்னால் அவளை மாட்டிவிட்டது.

குடும்பச் சண்டையை மேடையேற்றித் தீர்ப்புச் சொல்கிற நிகழ்ச்சிகளில், மேடைக்கு எதிரே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்குமே, ‘பொதுமக்கள்’ என்று, அந்தப் பொதுமக்களில் ஒருத்தி அம்மா. ஆள் சேர்த்துவிடுகிற ஏஜென்ட் முதல் நாள் சாயங்காலம் போன் செய்வான். “அக்கா, வெள்ளை வேணாம். பொடிக்கட்டம் வேணாம், கேமராவுல அலையடிக்கும். போன ஷோவுக்குக் கட்டினது வேணவே வேணாம்.” காலையில் வேன் வரும். வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு ஏசி குளிரில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும், தூங்கி வழியக் கூடாது.

வெளியில் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. மேடையில் ஆள் ஏறுவதற்கு முன்பே கூட்டத்தின் முகங்களைப் படம் பிடித்துவிடுவார்கள். முதலில் கைதட்டல். அப்புறம் சிரிப்பு. அப்புறம் அதிர்ச்சி. கடைசியில் கண்ணீர். யார் கதைக்கு எது வேண்டுமோ அதை வெட்டி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மத்தியானம் ஒருத்தி வந்து சொல்லப்போகிற சோகத்துக்கு அம்மா காலையிலேயே அழுது முடித்திருப்பாள். மற்றவர்களுக்குக் கண்ணில் சொட்டு விடுவார்கள், அம்மாவுக்குத் தேவையில்லை. அதனால் எந்த ஷோ என்றாலும் அவளுக்கு முன்வரிசை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

“எப்படிம்மா நெனச்சா வருது?” என்று தியரி ஒருமுறை கேட்டாள். வீட்டில் அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை. அப்பா கால் உடைந்து படுத்தபோதுகூட ஆஸ்பத்திரி கேன்டீன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

“நீ பொறந்ததும் உன்னைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டாங்கடி. தொடவே விடல. வெளிய நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அதை நெனச்சாப் போதும், குழாயைத் திறந்த மாதிரி கொட்டும்.” சொல்லிவிட்டு அம்மா வெங்காயத்தை உரிக்கப் போய்விட்டாள். பிறகு அடுக்களையிலிருந்தே கேட்டாள். “ஆமா, உன் புத்தகத்துல எங்களைப் பத்தி ஏதாச்சும் இருக்கா?”

“இருக்கும்மா.”

“என்ன போட்டிருக்கு?”

இட்டுக்கட்டிய கூட்டம், விலைக்கு வாங்கிய பொதுக்கருத்து என்று போட்டிருந்தது. “பார்வையாளர் ரொம்ப முக்கியம்னு போட்டிருக்கு,” என்றாள் தியரி. அம்மாவுக்கு அன்றைக்கெல்லாம் அதே பெருமை. வேனில் ஏறியதும் மற்றவர்களிடம் சொல்லியிருப்பாள்.

பட்டமளிப்புக்கு என்று கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை வாங்கி வைத்திருந்தாள் அம்மா. ஏஜென்ட் எத்தனை முறை புதுசு இருக்கா, புதுசு இருக்கா என்று நச்சரித்தாலும் அதை வெளியே எடுக்கவில்லை. “இது டிவிக்கு இல்ல. எம் பொண்ணுக்குக் கைதட்டுறதுக்கு,” என்பாள்.

ஸ்டுடியோவைப் பார்க்க வகுப்பைக் கூட்டிப்போகிறோம் என்று மேடம் அறிவித்தார். போவதற்கு முதல் நாளே தியரி அம்மாவிடம் பேச்சுவாக்கில் விசாரித்துப் பார்த்தாள். நாளைக்கு வேறு சேனல், பாட்டுப் போட்டி என்றாள் அம்மா. தலை தப்பியது என்று தியரி நிம்மதியாகத் தூங்கினாள். ஆனால் மறுநாள் அம்மா போன வேன் பாதி வழியில் இருக்கும்போது பாட்டுப் போட்டி ரத்தாகிவிட்டது. ஏஜென்ட் ஆட்களை அப்படியே வகுப்பு போகிற ஸ்டுடியோவுக்குத் திருப்பிவிட்டான்.

மாணவர்களை மாடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் திரைகள். கீழே ஃப்ளோர் மேனேஜர் மைக்கில், “சரி, கண்ணீர் எடுத்துடலாம்!” என்று குரல் கொடுத்தான். நடுத்திரையில் ஒரு முகம் பெரிதாக வந்து நின்றது. கண் நிறைந்தது. இமைக்கவில்லை. ஒரு சொட்டு கன்னத்தில் நிதானமாக இறங்கியது.

“ஏய், அந்தம்மாவைப் பாரேன்! ஸ்விட்ச் போட்ட மாதிரி அழுவுறாங்க!” என்றாள் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியோடு நின்ற தியரியின் உயிர்த்தோழி. எல்லாரும் சிரித்தார்கள்.

தியரியும் சிரித்தாள். யாரும் அவளைச் சிரிக்கச் சொல்லவில்லை. முகம் சிவந்து, காது மடல் கொதித்தபோதும் சிரிப்பை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை.

இடைவேளையில் மேடம் எல்லாரையும் கீழே கூட்டிவந்தார். “நாம படிச்ச கூட்டம் இதுதான். இவங்க குரலையும் கேக்கணும் இல்லையா? அந்த முன்வரிசை அம்மாவைப் பேட்டி எடுங்க. தியரி, நீ கேளு.” கண்ணாடிக்காரி கேமராவைத் தூக்கினாள். மைக் தியரியின் கைக்கு வந்தது. தலைவலி என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். அந்த நேரத்துக்கு அந்த யோசனைகூட வரவில்லை, பாவி மகளுக்கு.

அவள் வருவதை அம்மா பார்த்துவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரியின் தோளைத் தட்டிவிட்டு, எழுந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அது என்ன என்று தியரிக்குத் தெரியும். அதனால் முந்திக்கொண்டாள்.

“வணக்கம் ஆன்ட்டி. நாங்க காலேஜ்லேருந்து வர்றோம்.”

அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள். மேடத்தைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், மகளின் கையில் இருந்த மைக்கைப் பார்த்தாள். எழுந்தவள் மெல்ல உட்கார்ந்தாள்.

“வாங்கம்மா,” என்றாள். “என்ன கேக்கணும், கேளுங்க.”

பெற்ற மகளை அவள் ‘வாங்க’ என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

எத்தனை வருஷமாக வருகிறீர்கள், நாள் முழுக்க உட்கார்ந்தால் களைப்பாக இருக்காதா என்று பதில் தெரிந்த கேள்விகளாக தியரி கேட்டாள். அம்மாவும் ஊருக்குப் புதியவளுக்கு வழி சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னாள். போதும், முடித்துவிடலாம் என்று மைக்கை இறக்கப்போகையில் மேடம் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். “எதை நெனச்சு அழுவுறாங்கன்னு கேளு.”

தியரி மைக்கை மறுபடி நீட்டினாள். “எதை... எதை நெனச்சு அழுவீங்க ஆன்ட்டி?”

அம்மா மடியில் கிடந்த முந்தானையை நீவிவிட்டாள்.

“எனக்குப் பிள்ளைங்க இல்லம்மா,” என்றாள். “அதை நெனச்சாப் போதும். தானா வந்துடும்.”

வந்தது. சொன்ன மாத்திரத்தில் இரண்டு கண்ணிலும் வந்தது. கண்ணாடிக்காரி கேமராவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் கண்ணைத் துடைத்தாள். ஃப்ளோர் மேனேஜர் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போய்விடலாம் என்றிருந்தது தியரிக்கு.

அடுத்த வாரம் அந்தப் பேட்டியை வகுப்பில் போட்டார்கள். வெட்டி ஒட்டும் வேலையையும் அவளிடமே கொடுத்திருந்தார்கள். ‘ஆன்ட்டி’ என்ற தன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதை நீக்கப் பார்த்து, நீக்கினால் பேட்டியே நிற்காது என்று விட்டுவிட்டாள். விளக்கைப் போட்டதும் வகுப்பே கைதட்டியது. “இவ்வளவு உண்மையான பேட்டியை நான் பார்த்ததில்ல,” என்றார் மேடம். “இதைப் பத்தி யாராவது ஏதாவது சொல்லணுமா?”

எழுந்து நின்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். அவங்க எங்க அம்மா. தியரி மேசையில் யாரோ கிறுக்கியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மௌனச் சுழலைப் பற்றி அப்படிக் கட்டுரை எழுதியவள், வாயைத் திறக்கவில்லை. மணி அடித்தது, எல்லாரும் கலைந்து போனார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டுடியோவைப் பற்றி அதுவரை இரண்டு பேரும் பேசவே இல்லை.

“அன்னைக்கு எடுத்தியே, அது எப்படி வந்துச்சு?” என்று அம்மாதான் ஆரம்பித்தாள். “குரல் விழுந்துச்சா? மைக்கை ரொம்பக் கிட்ட வச்சுட்டே.”

“மேடம் பாராட்டினாங்க.” தியரி பையைக் கீழே வைத்தாள். “ஏம்மா அப்படிச் சொன்னே?”

“வேற என்னடி சொல்றது? நீ எப்படி ஆரம்பிச்சியோ அதுக்கு ஏத்த மாதிரி சொன்னேன்.” அம்மாவின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தியரி பிழைத்திருப்பாள். “நானே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பட்டமளிப்புக்கு உங்க மேடம் வருவாங்கல்ல?”

“வருவாங்க.”

“அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணும் வரும்.”

“ம்.”

“என் மூஞ்சி அவங்களுக்கு மறந்திருக்காது.”

நீ வாம்மா என்று சொல்ல வேண்டும். அதற்காக தியரி வாயைத் திறந்துவிட்டாள். ஆனால் வார்த்தைக்கு முன்னால் மேடத்தின் முகம் வந்து நின்றது, கண்ணாடிக்காரியின் முகம் வந்தது, கைதட்டிய அத்தனை பேரின் முகமும் வந்தது. ஒரு கணம்தான் தயங்கினாள். அந்த ஒரு கணத்தையும் அம்மா பார்த்துவிட்டாள்.

“நீ வாம்மா,” என்றாள் தியரி. அதற்குள் நேரம் கடந்திருந்தது.

“பரவால்ல விடு. அப்பா வரட்டும். எனக்கு அங்க வந்து என்ன புரியப்போகுது?” மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கினாள் அம்மா. அப்போது போன் அடித்தது. ஏஜென்ட். நாளைக்கு நல்ல ஷோ, முன்வரிசை, எல்லாப் புடவையும் டிவியில் பார்த்தாகிவிட்டது, புதுசு ஏதாவது இருக்கா என்று அவன் கேட்பது அறை முழுக்கக் கேட்டது.

அம்மா அலமாரியின் மேல்தட்டுக்குக் கையை நீட்டினாள்.

“இருக்கு தம்பி,” என்றாள். “கத்தரிப்பூ கலரு. இன்னும் எங்கயும் கட்டல.”