தொழிலதிபர் மகள்

டயர்க்கடைக்காரருக்கு அவர் மகள் எட்டாயிரம் கடன்பட்டிருந்தாள். மேலாண்மைக் கல்லூரி விண்ணப்பத்துக்காக, "கடனாத்தான் குடுங்கப்பா" என்று கேட்டு வாங்கிய பணம். ஐந்தாம் வகுப்போடு நின்று, பஞ்சர் ஒட்டியே சொந்தக் கடை போட்டவருக்கு அந்த ரோஷம் பிடித்திருந்தது.

விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில்தான் தகராறு.

"பஞ்சர் கடையா? நாலு பேருக்குச் சம்பளம் போடுறவன்டி நான்! தொழிலதிபர்னு எழுது."

"கேள்வி கேப்பாங்கப்பா."

"கேக்கட்டுமே!"

எழுத்துத் தேர்வில் தேறினாள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் அதையே அளந்தார். நேர்காணலில், அப்பாவின் நிறுவனத்துக்கு எத்தனை கிளைகள் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னாள். "அப்புறம் ஏன் பொய் எழுதினீங்க?" என்றார்களாம். இடம் கிடைக்கவில்லை. அதற்காக அவரை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

செல்போன் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். முதல் சம்பளத்தோடு நேராக அப்பாவின் கடைக்கே வந்தாள்.

"அந்த வேலைக்கு அப்பா தொழில்னு என்னம்மா போட்ட?"

"பஞ்சர் கடை. கையை நீட்டுங்கப்பா."

கறுத்த உள்ளங்கையை விரித்தார். அவள் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தாள்.