பை நிறைய இரும்பு

பலவேசத்துக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் படிக்கட்டுப் பக்கம்தான் நிற்பார். "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டே பொறந்திருக்காக" என்பாள் மனைவி முருகம்மாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. அந்த மனுஷனை நாற்காலியில் கட்டிப்போட்டது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் யார் நம்புவார்கள்?

முருகம்மாளின் தம்பி கதிரவன் ஊருக்குள் நெட் சென்டர் வைத்திருந்தான். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் அங்கே ஓர் ஆன்லைன் விளையாட்டு பிரமாதமாக ஓடியது. எங்கெங்கோ இருப்பவர்கள் கூட்டம் சேர்ந்து சண்டை போடுவார்கள். எல்லாரும் வாளைத் தூக்கிக்கொண்டு ஓட, பலவேசம் மட்டும் கொல்லனாக உலைமுன் உட்கார்ந்தார். சுரங்கத்தில் இரும்பு வெட்டி, உருக்கி, கத்தி அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கத் திறமைப் புள்ளி ஏறும். ஆனால் அவரை மயக்கியது புள்ளி இல்லை. அடித்த ஒவ்வொரு கத்தியிலும் அடித்தவர் பெயர் விழும். அதுவரை அவர் செய்த வெடிகளில் எல்லாம் முதலாளி பெயர்தான். 'பலவேசம் செய்தது' என்று திரையில் வந்த அன்று மனுஷர் ரசத்துக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியாமல் சாப்பிட்டார்.

அவருடைய கூட்டத்துக்கு ஒரு தலைமைக் கொல்லன் தேவைப்பட்டது. மாதக் கடைசிக்குள் உருக்குக் கவசம் அடிக்கும் அளவுக்கு யார் முதலில் ஏறுகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். போட்டிக்கு ஒரு சென்னைக் காலேஜ் பையன். பலவேசத்துக்கு அந்த இடம் வேண்டும். வெறி என்றே சொல்லலாம்.

புள்ளியோ நகரவே இல்லை. பின்னால் நின்று பார்த்த கதிரவன் தலையில் அடித்துக்கொண்டான். பலவேசம் சுரங்கத்துக்குப் போவார், ஒரு கைப்பிடி அளவு இரும்பு எடுப்பார், ஒரு கத்தி அடிப்பார், அதை உடனே கிடங்கில் போட்டுவிட்டு மறுபடி சுரங்கத்துக்கு நடப்பார். பாதி நேரம் நடையிலேயே போனது.

"மச்சான், பை நிறைய இரும்ப அள்ளிட்டு வந்து ஒரே மூச்சுல அடிங்க. எதுக்கு இம்புட்டு நடை?"

"அம்புட்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டா? என்னலே பேசுற?"

கணக்குப் பார்த்தால் கதிரவன் சொன்னதுதான் சரி. ஆனால் மருந்து ரூமில் பழகிய கை வேறு. கொஞ்சம் வாங்கு, அடை, வெளியே அனுப்பு, பிறகுதான் அடுத்தது. உள்ளே சேரவிடக் கூடாது. சேரவிட்ட ஒரு ரூம் வெடித்துத்தான் அவர் அண்ணன் சங்கையா போய்ச் சேர்ந்தார்.

"இதுல வெடிக்காது மச்சான். செத்தாலும் எந்திரிச்சுக்கலாம்."

பலவேசத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தார். பிறகு பையை நிரப்பினார்.

முதல் நாள் உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. அப்புறம் வியர்க்கவில்லை. அள்ளுவதும் அடிப்பதுமாகப் புள்ளி விறுவிறுவென்று ஏறியது. காலேஜ் பையன் பின்தங்கிவிட்டான். இன்னும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் கவசம்.

மறுநாள் கம்பெனியில் சீசன் அவசரம். பலவேசம் மருந்து வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், மனசெல்லாம் உலையில். எதிரே வேலை பார்த்த மாரிசெல்வி கையை நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, என்ன இம்புட்டு எடுத்துட்டு வந்திருக்கீக?"

குனிந்து பார்த்தார். எப்போதும் ஒரு தட்டு மருந்துதான். இன்று மூன்று தட்டு அடுக்கியிருந்தது. கேட்டு வாங்கியது அவர்தான். அவசரத்தில் கொடுத்தவனும் கேள்வி கேட்கவில்லை. எப்போது கேட்டோம் என்று நினைவே இல்லை. ஒவ்வொரு தட்டாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சாயங்காலம் நேரே நெட் சென்டருக்குப் போனார். உட்காரவில்லை.

"அந்தக் காலேஜ் பையனையே வச்சுக்கிடச் சொல்லுலே. என் பேரை அழிச்சிரு."

"என்ன மச்சான், இன்னும் ஒரு தடவ உக்காந்தா முடிஞ்சிரும்."

"கை பழகிருச்சுலே. எனக்குப் பயமா இருக்கு."

கதிரவனுக்கு விளங்கவில்லை. திரையில் அந்தப் பெயர் அழிகிறவரை, பலவேசம் இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு நின்றார்.