சத்தம் வராமல் இருமுகிறவர்

இருமல் கிளம்புகிறதென்று தெரிந்தால் சீவரத்தினம் எழும்பி வேலிப்பக்கம் போய்விடுவார். ஆட்களுக்கு முன்னால் இருமுவது அவருக்கு அரையில் துணியில்லாமல் நிற்கிற மாதிரி. பூவரசங் கதியாலைப் பிடித்து, வாயைப் பொத்தி, முதுகு குலுங்க இருமி முடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருவார். மனைவியின் தம்பி இளையதம்பிக்குப் பல வருஷமாய் வயிறெரிகிற விஷயம் இதுதான். இந்த மரியாதைதான் அக்காவின் சோற்றில் மண்ணைப் போட்டது என்பான்.

ஜேர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டையில் பஸ்ராப் பக்கம் போனவர் சீவரத்தினம். துவக்குப் பிடித்துச் சுடவில்லை, பட்டாளத்தின் குப்பையை எரிக்கிற வேலை. "அங்கை காத்தைக் குடிக்கேலாது, சப்பித்தான் விழுங்கவேணும்" என்பார். திரும்பி வரும்போது தொய்வு என்கிற மூச்சிழுப்பும் கூடவே வந்தது. தண்ணீர் இறைக்கத் துலாவில் ஏறி நடந்த மனுஷன், இப்போது கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து மூச்சு வாங்குகிறார். படுத்தால் நெஞ்சு அடைக்கும். சுவரில் சாய்ந்தபடிதான் நித்திரை. "எங்கடை வீட்டுக்குக் கள்ளன் வரான், நான் சென்றிக் காவல்" என்று தானே சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

சண்டையில் நோய் வாங்கினவர்களுக்குப் பென்சன் உண்டென்று கேட்டு எழுதிப்போட்டார். டாக்குத்தர் துரை சோதிக்கக் கூப்பிட்டார். பெரிய மனுசருக்கு முன்னால் இருமினால் வெட்கக்கேடென்று மனைவி செல்வநாயகி ஒரு கிழமையாய் ஆடாதோடைக் கசாயம் காய்ச்சிப் பருக்கினாள். துரை குழாயை வைத்துக் கேட்டார். நெஞ்சில் இழுப்புச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. "எப்படி இருக்கிறாய்?" என்றதற்கு, "உங்கடை புண்ணியத்திலை சுகம், ஐயா" என்று வேறு சொல்லிவிட்டு வந்தார். நோயுமில்லை, பென்சனுமில்லை என்று பதில் வந்தது.

"சுகமெண்டு சொல்லிப்போட்டு இனி ஆரிட்டைப் போய் அழுறது, அத்தான்?"

"சுகம் கேட்ட மனுசனுக்கு வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"அவனென்ன உங்கடை சம்பந்தியோ?"

அதன்பிறகு இளையதம்பி பெட்டிசம் எழுதுகிறவரின் வாசலில் தவம் கிடந்து அப்பீல் போட்டான். அதற்குள் அத்தானுக்கு இருந்த புகையிலைத் தோட்டமும் குத்தகைக்குப் போய்விட்டது. அப்பீலும் தோற்றால் அடுப்பெரிய வழியில்லை. கடைசியில், திரும்பச் சோதிக்க யாழ்ப்பாணத்துப் பென்சன் கந்தோருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இந்தமுறை கசாயம் கிடையாதென்று இளையதம்பி ஒற்றைக்காலில் நின்றான்.

மூன்று பேருமாய் மாட்டுவண்டியில் போனார்கள். விறாந்தை வாங்கில் இருக்கும்போதே அவருக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. பியோன் பெயரைக் கூப்பிட்டான். ஒரு வாய் குடித்தால் இருமல் அமருமென்று செல்வநாயகி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் அதைப் புறங்கையால் மெல்லத் தள்ளிவிட்டு, மைத்துனனின் தோளைப் பிடித்து எழும்பினார்.

"இளையதம்பி, அக்காவை அங்காலை, தெருக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ. நான் இருமிறது அவளுக்குக் கேக்கப்படாது."