நெட்டையர் சிரித்த இடம்

எண்டோஸ்கோபி பிரிவில் எல்லோரும் அவளைக் குட்டி டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளி படுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகையைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றால்தான் திரை அவள் கண்ணுக்கு நேராக வரும். திரையை அந்த உயரத்தில் மாட்டச் சொன்னவர் வேறொருவர். அவரை நெட்டையர் என்பார்கள். மழையில் பைக் சறுக்கி அவர் இறந்துபோய்ச் சில மாதங்கள் கழித்துத்தான் இவள் அந்த ஆஸ்பத்திரிக்கே வந்தாள்.

அதற்கு முன்பு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை, குடலுக்குள் விடும் கேமராக் குழாயான ஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை வளர்ச்சி நிதி கொடுத்துவந்தது. அது கிடைத்தால் வாரத்தில் பாதி நாள் வார்டுப் பக்கம் போக வேண்டியதில்லை. ஆய்வை மட்டும் பார்க்கலாம். இவள் இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் கேள்வி நன்றாக இருக்கிறது, அனுபவம் போதாது என்று பதில் வந்தது.

"அனுபவம் வேணும்னா வேலை குடுக்கணும். வேலை குடுக்கணும்னா அனுபவம் வேணும். நல்லா இருக்குடி உங்க ஊர் நியாயம்" என்றாள் அக்கா, தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். முன்னறையில் அக்காவின் தையல் கடை. பின்னறையில் இவளுடைய புத்தகங்கள்.

ஒருநாள் நெட்டையர் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியின் பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். நெட்டையருக்குக் கிடைத்திருந்த நிதியில் பாதிக் காலம் மீதி இருந்தது. அவருடைய ஆய்வை முடித்துக் கொடுக்கத் தகுந்த ஆள் கிடைத்தால் மீதியை அந்த ஆளுக்கே தருவதாக அறக்கட்டளை சொல்லியிருந்தது.

"செத்தவர் சட்டையப் போட்டுக்கிற மாதிரி இருக்கு சார்" என்றாள் இவள்.

பேராசிரியர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டை உனக்குப் பெருசுதாம்மா. கைய மடிச்சு விட்டுக்கோ." சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெருங்குடல் வளைந்து வளைந்து போகும் ஒரு குழாய். அதன் உட்சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாக இருக்கும். கேமராவைக் கடைசி வரை கொண்டுபோய், பிறகு மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே வரும்போதுதான் சுவரைப் பார்ப்பார்கள். மடிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன வளர்ச்சி கண்ணுக்குத் தப்பிவிடுவது உண்டு. பின்னாளில் அது புற்றாகலாம். மருத்துவரின் கண் எங்கே, எதனால் தப்புகிறது என்பதுதான் நெட்டையரின் ஆய்வு. அதற்காகத் தாம் செய்த பரிசோதனைகளையெல்லாம் படமாகப் பதிவு செய்திருந்தார். சட்டையில் மைக் குத்திக்கொண்டு குரலையும் பதிவு செய்திருந்தார். நோயாளிகளின் சம்மதத்தோடுதான் எல்லாம். பெயர்கள் இருக்காது, எண்கள்தான். அந்தப் பதிவுகளை முழுக்கப் பார்த்து, தப்பிப்போன இடங்களைக் குறிப்பது இவள் வேலை.

ஒவ்வொரு பதிவும் அவருடைய உள்ளங்கையில்தான் தொடங்கியது. கேமராவின் நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைத் துணியைக் கையில் வைத்துக் காட்டுவார். துணியைச் சுற்றி நீளமான விரல்கள் தெரியும். அதற்குப் பிறகு அவர் கண்ணில் பட மாட்டார். குரல் மட்டும் வரும்.

"பயப்படாதீங்க. கொஞ்சம் வயிறு உப்புன மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"இதோ இந்த வளைவு தாண்டிட்டா நமக்கு ராஜபாட்டை."

"சபாஷ். தங்கமான வயிறு உங்களுக்கு."

ஜன்னல் இல்லாத அந்த அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், முகமே பார்த்திராத ஒருவர் அவள் காதுக்குள் மூச்சு விட்டார், செருமினார், எதையோ மறந்துவிட்டு 'ச்சே' என்றார். வளைவான இடங்களில் மெதுவாக முணுமுணுப்பார். என்ன பாட்டு என்று பிடிபடாது. வாரங்கள் போகப் போக, ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அந்த முணுமுணுப்பு நிற்காமலே இருந்தது. பஸ்ஸில் கேட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டது.

"நீ என்னடி பாட்டு பாடிட்டே இருக்கே?" என்று அக்கா கேட்ட பிறகுதான் தானே முணுமுணுப்பது அவளுக்குத் தெரிந்தது.

"அது அவரு பாட்டு அக்கா."

"எந்த அவரு?" அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஏய், உயிரோட இருக்கிற மாப்பிள்ளை ஒருத்தனையும் உனக்குப் பிடிக்கல. செத்தவரோட குடித்தனமே ஆரம்பிச்சுட்டியா?"

இருவரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு வயதான அம்மாளுக்குப் பரிசோதனை. முடியும் தறுவாயில் குட்டி டாக்டர், "சபாஷ். தங்கமான வயிறு உங்களுக்கு" என்றாள். பக்கத்தில் நின்ற சீனியர் சிஸ்டரின் கையிலிருந்து தட்டு விழுந்தது. அந்த சிஸ்டர் எதற்கும் அசருகிற ஆள் இல்லை.

"என்ன சிஸ்டர்?"

"ஒண்ணுமில்ல டாக்டர்." குனிந்து பொறுக்கியவர் நிமிரவே இல்லை. "அது அவர் சொல்றது. அதே மாதிரி, 'சபாஷ்'ல கொஞ்சம் நிறுத்தி... தயவுசெஞ்சு இனிமே அப்படிச் சொல்லாதீங்க."

சொல்லக்கூடாது என்று இவளும் நினைத்தாள். வாய் கேட்க வேண்டுமே.

பிறகு அந்தப் பதிவு வந்தது. ஆண், நடுவயது, பேச்சு அதிகம். பாதி மயக்கத்தில் இருந்தும் அந்த ஆள் வாயை மூடவில்லை. தான் லிஃப்ட் மெக்கானிக் என்று ஆரம்பித்து, கயிறு, மோட்டார், நடுவில் சிக்கிக்கொண்டு அலறுகிறவர்கள் என்று கதை அளந்துகொண்டே போனார். நெட்டையர் 'உம்' கொட்டிக்கொண்டே கேமராவை இழுத்தபடி வந்தார்.

"டாக்டர், ஒரு வித்தியாசம் பாத்தீங்களா? நான் எப்பவும் மேல நின்னுகிட்டு கீழ எட்டிப் பாக்கறவன். நீங்க கீழ இருந்து மேல வந்து பாக்கறீங்க. ரிப்பேர் ஒண்ணுதான்!"

நெட்டையர் வெடித்துச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து இவள் கேட்டதே இல்லை. காதில் கேட்டதும் இவளும் சிரித்துவிட்டாள். அவர் சிரித்ததில் பதிவில் கேமரா லேசாக ஆடியது. மடிப்பு ஒன்று திரையின் ஓரமாக நழுவிப் போனது.

இவள் சிரிப்பை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி சிரிப்பு. மடிப்பின் ஓரத்தில், சுவரின் நிறத்திலேயே, தட்டையாக ஒரு திட்டு. ரத்தக் குழாய்க் கோடுகள் அந்த இடத்தில் மட்டும் அழிந்திருந்தன. ஒரு கணம்தான். மறுபடி ஓட்டினாள், மறுபடி அவர் சிரித்தார். எத்தனை தடவை அவரைச் சிரிக்க வைத்தாளோ தெரியாது. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது, அதற்குள்ளிருந்தும் சின்னதாக அந்தச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

அந்த மனிதரின் ரிப்போர்ட்டில் குடல் சுத்தமாக இருப்பதாக எழுதியிருந்தது. எழுதி இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

பேராசிரியர் பதிவைப் பார்த்தார். சத்தம் வேண்டாம், படம் மட்டும் போதும் என்றார். மூன்றாவது முறை ஓட்டியபோதுதான் அவர் கண்ணுக்கே அது பட்டது.

"நானா இருந்தாலும் தாண்டிப் போயிருப்பேன்" என்றார்.

"நானும்தான் சார். ஆனா அந்த ஆள் வெளியில நடமாடிக்கிட்டு இருக்காரு."

"தெரியுதும்மா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெட்டையர் அவர் கைபிடித்து ஸ்கோப் கற்றுக்கொடுத்த பிள்ளை. "அவன் பேரு கெட்டுடும்னு நான் தடுப்பேன்னு பயந்துட்டு வந்தியா? அவன் இருந்திருந்தா, இந்நேரம் அந்த ஆளு வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பான். கூப்பிடு."

நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி, எண்ணுக்குரிய ஆளைக் கண்டுபிடித்து, அவளே போன் செய்தாள். பழைய படத்தில் ஓர் இடம் சந்தேகமாக இருக்கிறது, மறுபடி பார்க்க வேண்டும் என்றாள்.

"அந்த நெட்டை டாக்டர்தானே? நல்லா பேசுவாரே மனுஷன். அவரே பாக்கட்டும், நாளைக்கே வரேன்" என்றார் மெக்கானிக்.

"அவர் இப்ப இல்லீங்க."

"வேற ஆஸ்பத்திரிக்கா?"

இவள் சொன்னாள். போனுக்குள் எங்கோ ஒரு லிஃப்டின் கதவு திறந்து மூடியது.

வந்தார். பார்த்தாள். திட்டு இப்போது ஒளிந்துகொள்ளவில்லை. அதே மடிப்பின் மேல் நன்றாகப் பரவி, நடுவில் குழி விழுந்து கிடந்தது. ஸ்கோப் வழியாக எடுக்கிற நிலையைத் தாண்டியிருந்தது. சோதனையில் ஆரம்பக் கட்டப் புற்று என்று வந்தது. குடலில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். நல்லவேளையாக வேறெங்கும் பரவவில்லை. பிழைத்துக்கொண்டார்.

வார்டில் போய்ப் பார்த்தபோது இவள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். பதிவில் எந்த இடத்தில் தப்பியது என்பதையும்தான். அவர் கோபப்படுவார், வழக்குப் போடுவார் என்று நினைத்திருந்தாள். அவர் முகம் வேறு மாதிரி மாறியது.

"அப்ப நான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா, அவரு பாத்திருப்பாரா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க."

"பாத்திருக்க மாட்டாருன்னும் சொல்ல முடியாதுல்ல?"

அவள் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் நெட்டையரின் மனைவி வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதிவுகளில் கணவருடைய குரல் இருப்பதாக யாரோ சொல்லக் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன். என் போன்ல இருந்ததெல்லாம் 'வர லேட்டாகும்', 'பால் வாங்கணுமா'ன்னு ரெண்டு மூணு வாய்ஸ் மெசேஜ்தான்."

பதிவுகள் நோயாளிகளுக்குச் சொந்தம், அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியாருக்குத் தர முடியாது என்று இவள் விளக்கினாள். பெயர் தெரிந்த நோயாளி ஒருவர்தான். அவரிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை. எப்படியோ கேட்டாள்.

"என் வயித்துக்குள்ள பேசினதுதானே? தாராளமா கேக்கட்டும்" என்றார் மெக்கானிக், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "ஆனா அந்தம்மாகிட்ட மத்தத சொல்லாதீங்க. பாவம்."

திரையை அணைத்துவிட்டு, குரலை மட்டும் இரண்டு ஹெட்போன்களில் ஓடவிட்டாள். டீச்சர் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். உதடு அசைந்தது. அந்த முணுமுணுப்போடு சேர்ந்து அவரும் முணுமுணுத்தார். அது என்ன பாட்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சிரிப்பு வரும் இடம் நெருங்கியதும் இவள் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. டீச்சர் கண்ணைத் திறக்காமலே, "நிறுத்தாதீங்கம்மா" என்றார்.

சிரிப்பு வந்தது. டீச்சரும் சிரித்தார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"இந்த லிஃப்ட் ஜோக்கை அன்னிக்கே வீட்டுல வந்து சொன்னாரு. சோத்துல கைய வெச்சுக்கிட்டு சிரிக்கறாரு, புரை ஏறி தண்ணி குடிச்சாரு." ஹெட்போனைக் கழற்றிவிட்டு நேராகப் பார்த்தார். "இவருக்குத்தான் ஆபரேஷன் ஆச்சா?"

இவள் ஹெட்போன் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"வராண்டாவுல பேசிக்கிட்டாங்க. நான் கணக்கு டீச்சர்மா, எனக்குக் கூட்டத் தெரியாதா? அந்த இடத்தைக் காட்டுங்க."

திரை உயிர்பெற்றது. படத்தை அந்தக் கணத்தில் நிறுத்தினாள். டீச்சர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்க?"

விரல் வைத்துக் காட்டினாள்.

"இதுவா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எனக்கும் முதல்ல தெரியலைங்க."

"அவர் பொறுப்பா பாக்கறவருதானே?" டீச்சரின் குரல் கெஞ்சியது.

"இவ்வளவு பொறுப்பா பாக்கற ஒருத்தரை நான் பாத்ததில்ல" என்றாள் இவள். சொன்ன பிறகுதான், தான் அவரைப் பார்த்ததே இல்லை என்பது உறைத்தது.

டீச்சர் அதற்குப் பிறகு வரவில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆய்வு முடிந்து கட்டுரை வெளிவந்தது. பேச்சும் சிரிப்பும் கேட்கும் நொடிகளில் கண் எவ்வளவு தப்புகிறது என்பது அதில் ஒரு முக்கியமான பகுதி. முதல் பெயர் நெட்டையருடையது. அடுத்தது இவளுடையது. அறக்கட்டளை இந்தத் தடவை இவள் பெயருக்கே புது நிதி கொடுத்தது. செய்தி வந்த அன்றைக்கு அக்கா கடையைப் பாதியில் மூடிவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இவளால் முழு மனசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. தான் இதுவரை சுத்தம் என்று எழுதிக்கொடுத்த வயிறுகளெல்லாம் அவள் நினைவில் வரிசையாக நடந்து போயின. புது ஆய்வுக்கு, தான் செய்த பரிசோதனைகளில் பதிவாகியிருந்த பழைய படங்களையே எடுத்துக்கொண்டாள். அவற்றைப் பார்க்க வேறொரு இளம் டாக்டரை அமர்த்தச் சொன்னாள்.

ஒரு வருஷம் கழித்து மெக்கானிக் மறுபரிசோதனைக்கு வந்தார். மேசையில் படுத்ததும், "டாக்டரம்மா, நான் பேசல. பயப்படாதீங்க" என்றார். சொன்னபடியே பேசவில்லை. சிஸ்டரும் பேசவில்லை. அறை அவ்வளவு அமைதியாக என்றுமே இருந்ததில்லை. குட்டி டாக்டர் கேமராவை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தாள். தன் தலைக்கு மேலே, ஒரு முழம் உயரத்திலிருந்து, யாரோ அதே திரையை மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. அவள் திரும்பவில்லை. தையல் போட்ட இடத்தைச் சுற்றி ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார்த்தாள். திரும்பப் போய் இன்னொரு முறை பார்த்தாள்.

ஒன்றும் இல்லை. ஆனால் அதை எழுதிக் கையெழுத்துப் போட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.